நைனாவுக்காக நின்ற ஏரி

1

கதவில் தொங்கும் அட்டைக்கு இரண்டு முகம். ஒன்றில் திறந்திருக்கிறது என்றும் மற்றதில் மூடியிருக்கிறது என்றும் எழுதியிருக்கும். உலகத்தில் எல்லாக் கடைக்கும் உள்ளதுதான். ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழைக்கும் செம்மறி ஆட்டுக்கும் பேர்போன இந்தச் சின்ன ஊரில், எங்கள் உணவகத்தின் அட்டை எப்போது திரும்பும் என்பது யாருக்கும் பிடிபடாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பேன். மற்றவர்கள் மூடுகிற விடுமுறை நாளிலும் திறந்திருப்பேன். திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் வருகிற நேரமாகப் பார்த்து மூடிவிடுவேன். ஏன் என்று கேட்டால், "ஊரில் ஒருவர் தவறிவிட்டார்" என்பேன்.

ஊர் என்றால் பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பம். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. கோயில் மைக்கில் செத்தவர் பெயரைச் சொல்லி, "இன்னிக்கு எவனும் தோணி எடுக்க வேணாம்" என்பார்கள். மறுநாள் பால் தெளித்து முடிகிற வரைக்கும் வலை கரையிலேயே கிடக்கும். போனவர் நல்லவரா கெட்டவரா, ஊரோடு பேச்சுவார்த்தை இருந்ததா, குடித்துக் குடித்தே போனவரா, அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. "ஏரி நிக்குது" என்று சொல்வோம். தண்ணீரா நிற்கும்? நாங்கள்தான் நிற்போம். ஆனாலும் ஏரியே நின்றுவிட்ட மாதிரிதான் இருக்கும். எஞ்சின் சத்தம் இல்லாத அந்தப் பகலில் பூநாரைகள் கத்துவது கரைவரைக்கும் கேட்கும்.

நான் கப்பலில் சமையல்காரனாகப் போனவன். பிறகு கரையேறி, அடுத்தவர் அடுப்படிகளில் வெந்து, கடைசியில் இங்கே சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன். போட்ட புதிதில் ஊரிலிருந்து முதல் சாவுச் செய்தி வந்தபோது நண்டுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நான் தோணி எடுப்பதில்லை, சரி. ஆனால் மீனை நம்பித்தானே பிழைக்கிறேன்? அடுப்பை அணைத்தேன். ஒரு அட்டையை எடுத்து, தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அதைத் திரும்பத் தமிழாக்கினால் இப்படி வரும்: 'இன்று சாவு. நாளை திறப்பு.'

மறுநாள் காலையில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண்மணி வந்து நின்றார். என் கடையில் சாப்பிட்டு யாரோ செத்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்த்தார். செத்தவர் இந்தியாவில் செத்தார் என்று நான் விளக்க விளக்க, "அவர் கடைசியாக இங்கே எப்போது சாப்பிட்டார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் இந்த நாட்டுக்கே வந்ததில்லை என்றால், பின் எதற்குக் கடையை மூடினீர்கள் என்றார்.

எதிர்க்கடைப் பூக்காரம்மாதான் வந்து காப்பாற்றினார். இந்த ஊரிலும் பிண ஊர்வலம் தெருவைக் கடக்கும்போது கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அந்த அம்மா அதைச் சொல்லி அதிகாரிக்குப் புரியவைத்தார். சரியான வாசகத்தில் ஒரு அட்டையும் எழுதித் தந்தார். அன்று முதல் நான் கடை மூடினால் அக்கம்பக்கத்தார் வந்து கை குலுக்கி, உன் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடிக்கடி மூட ஆரம்பித்ததும்தான், "உன் குடும்பம் ரொம்பப் பெரியதோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆமாம், ஒரு குப்பம் என்றேன்.

2

என் மகள் மீராவுக்கு மட்டும் இது வேடிக்கையாக இல்லை. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசும்போது பாதி வழியில் நின்றுவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டால் கடைக்கு வந்து தட்டு கழுவி வளர்ந்த பெண்.

அவள் பள்ளி முடித்த கோடையில் ஒரு சனிக்கிழமை, மேஜை எல்லாம் நிறைந்திருந்தது. ஊரிலிருந்து செய்தி வந்தது. நான் அடுப்பை அணைக்கப் போனேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வழியை மறித்தாள்.

"யாருப்பா செத்தது?"

"உனக்குத் தெரியாதும்மா. வலை கட்டுற சின்னத்தம்பி."

"உங்களுக்குத் தெரியுமா?"

"சின்ன வயசுல பார்த்தது."

"என் பர்த்டேக்கு ஒருதடவைகூட நீங்க மூடினதில்ல," என்றாள். "ஸ்கூல் டிராமாக்கு வரல. கேட்டா, கடைன்னு சொன்னீங்க. இப்ப சின்ன வயசுல பார்த்த ஒருத்தருக்கு மூடுறீங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கு எப்பப்பா மூடுவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கோபக்காரனுக்குச் சுருக்கென்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். "உனக்கு ஊருன்னா இன்னா தெரியும்?" என்று கத்தினேன். சாப்பிட வந்தவர்கள் எல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவள் கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். டப்ளினுக்குப் படிக்கப் போனவள் அதன் பிறகு கோடைக்கு வரவில்லை. அங்கேயே ஏதோ ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தாள். போனில் பேசினால் குளிரைப் பற்றிப் பேசுவோம். இந்த நாட்டில் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் பஞ்சமே வராது.

3

போன வருஷம் ஆனியில் நைனா போனார்.

நைனா, அதாவது என் அப்பா தணிகாசலம், எங்கள் குப்பத்தில் கொஞ்சம் பெரிய தலை. சாவு விழுந்தால் கோயில் மைக்கைப் பிடித்து, தோணி எடுக்க வேண்டாம் என்று சொல்கிற குரல் அவருடையதுதான். கரகரத்த குரல். செத்தவரின் பெயரைச் சொல்லும்போது மட்டும் மெதுவாகச் சொல்வார். நான் இங்கே கடை போட்ட பிறகு தினமும் போன் செய்வேன். எடுத்த எடுப்பில், "இன்னிக்கு இன்னா மீனு தேசா?" என்பார். கானாங்கெளுத்தி நைனா என்பேன். "அவ்ளோ குளுர்ல அதுக்கு இன்னாடா வேலை?" என்பார். இங்கத்திய நண்டின் ஓடு கல் மாதிரி இருக்கும், சுத்தியலால் உடைக்கிறேன் என்று சொன்னால் நம்பவே மாட்டார். என்னை ஊருக்கு வா என்று அவர் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ.

அவர் போன சமயம் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அந்த அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குப் போன் போட்டேன். ஒரு பொத்தானை அமுக்கினால் இன்னொரு பொத்தானை அமுக்கச் சொன்னது. கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்து, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு, அதற்குச் சான்று உண்டா என்று பணிவாகக் கேட்டது. மகன் என்பதற்கு என் முகத்தைத் தவிர என்னிடம் என்ன சான்று இருக்கிறது? அழுதுகொண்டே போனை வைத்துவிட்டேன்.

காலையில் கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி விஜயா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கன்னியப்பன் போன் செய்தான். ஊரில் அப்போது மதியம். நைனாவை இன்னும் எடுக்கவில்லை.

"அண்ணா, ஏரி நிக்குதா?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"நிக்காம? ஒரு தோணி எறங்கல. எல்லாம் நம்ம வாசல்லதான் கீறாங்க."

அவனுக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். "இன்னாண்ணா சத்தம்?" என்றேன்.

"ஜெனரேட்டர்டா. கரண்டு இல்ல. நைனாவ ஐஸ் பொட்டியில வெச்சிக்கீறோம்."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வருஷம் முழுக்க அதை வைத்துத்தான் ஓட்டினேன். என்னால் தோள் கொடுக்க முடியவில்லை, வாய்க்கரிசி போட முடியவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய ஏரி அவருக்காக ஒரு நாள் நின்றது. மீன் அலசும்போது, தூக்கம் பிடிக்காமல் புரளும்போது, தோணி ஒன்றுகூட இல்லாத அந்தத் தண்ணீரைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்துக்கொள்வேன். மனசு கொஞ்சம் ஆறும்.

4

இந்த ஆனியில் முதல் தெவசம். இங்கே அதுதான் கூட்டம் அலைமோதுகிற பருவம். அந்தச் சமயத்தில் கடையை விட்டுவிட்டுப் போனால் வருஷம் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். எப்படிப் போவது என்று விஜயாவிடம் புலம்பியதை அவள் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

மீரா ஒரு பையோடு வந்து இறங்கினாள். "நீங்க போங்கப்பா. கிச்சன் நான் பாத்துக்கறேன்," என்றாள். கிளம்புகிற வரைக்கும் நான் மசாலா அரைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் இறங்கி மின்சார ரயில் பிடித்தேன். அனுப்பம்பட்டு வந்ததுமே எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். அடுத்தது பொன்னேரி என்று உடம்புக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அங்கிருந்து பஸ். திருப்பாலைவனம் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. பக்கத்து இருக்கைப் பெண் ஒருத்தி என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பறவ பாக்க வந்தியா சார்?" என்று கேட்டாள். இல்லம்மா, இந்த ஊருதான் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நான் பேசிய தமிழில் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும்.

கரையில் தோணிகளைவிட அதிகமாகப் பறவை காட்டும் படகுகள் நின்றன. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட பிள்ளைகள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே புகைபோக்கிகள் முன்பு பார்த்ததைவிடக் கூடியிருந்தன. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாக அண்ணன் சொன்னான். அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அவன் உடம்பில் நைனா வாசனை அடித்தது.

மீரா வீடியோவில் வந்தாள். கையெல்லாம் மசாலா. "அப்பா, ஏரி காமிங்க," என்றாள். போனைத் திருப்பிக் காட்டினேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இவ்ளோ பெருசா? இது முழுக்க தாத்தாவுக்காக நின்னுதா?" என்று கேட்டாள். நைனா போனபோது நான் ஒரே ஒரு தடவை போனில் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள். ஆமாம்மா, முழுக்க என்றேன். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

5

தெவசத்துக்கு நைனாவுக்குப் பிடித்ததெல்லாம் செய்து படைத்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் காத்தவராயன் மாமா உட்கார்ந்தார். நைனாவும் அவரும் ஒரே தோணியில் காலம் பூராவும் தொழில் பார்த்தவர்கள். அவருக்கு இப்போது கண் சரியில்லை. இலையில் இருந்த இறாலைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் ஒரு எறாவா தேசா? உங்க நைனா பூட்ட அன்னிக்கு உழுந்துது பாரு, அது எறா! வெரல் மொத்தம். ஏரியில அப்பிடி ஒரு பாடு நான் பாத்ததே இல்ல."

எனக்கு விளங்கவில்லை. "எந்த அன்னிக்கு மாமா?"

"அதான், அவன் பூட்ட அன்னிக்கு. மைக்கில சொன்னதும் எல்லாம் ஓடனோம். நானும் போனேன். வந்து குளிச்சிட்டுத்தான் அவனத் தூக்கனேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உங்க அண்ணனுக்குப் பெரிய மனசு. எவனுக்கு வரும்?"

பந்தியில் பேச்சு அடங்கிவிட்டது. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா, உனுக்குத் தெரியாதா?"

குழம்பு வாளியோடு நின்றிருந்த அண்ணன் தரையைப் பார்த்தான். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அன்று போனில் கேட்டது ஜெனரேட்டர் இல்லை. அது தோணி எஞ்சின். பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியிருக்கிறார்கள், அதனால்தான் அவ்வளவு நேரம் நிற்காமல் கேட்டிருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

சாயங்காலம் கரையில் கவிழ்த்துப்போட்ட தோணி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். நான் கேட்பதற்கு முன்னால் அவனே ஆரம்பித்தான்.

"முகத்துவாரம் மண்ணு மூடி மாசக்கணக்கா கெடந்துது. கடல் தண்ணி உள்ள வரல. ஏரியில ஒரு பூச்சி இல்ல. அப்புறம் மிஷின் வுட்டுத் தோண்டனாங்க. தொறந்து, எறா உள்ள வந்த நேரம் பாத்து நைனா பூட்டாரு."

"அதுக்கு?"

"நைனாவ நடுவுல போட்டு எல்லாம் சுத்தி உக்காந்துனு கீறாங்க. எவனும் ஒரு வார்த்த பேசல, கட்டுப்பாட்ட மீறல. ஆனா ஒருத்தன் கண்ணும் நைனா மேல இல்லடா. எல்லார் கண்ணும் ஏரி மேல. தண்ணி ஏறுது, எறா துள்றது இங்கேர்ந்தே தெரியுது. இந்தத் தண்ணி வத்திச்சின்னா எறா திரும்பக் கடலுக்கே பூடும்னு எல்லாருக்கும் தெரியும். பொம்பளைங்க அழுதுனே ஏரியப் பாக்கறாங்க. எனுக்குத் தாங்கல. நானே போயி மைக்க எடுத்தேன். எங்க நைனாவுக்காக யாரும் நிக்க வேணாம், போங்கனு சொன்னேன்."

நைனா பேசிய அதே மைக். நைனாவின் பிள்ளையே.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. "எனக்கு ஏண்ணா பொய் சொன்ன?"

அவன் மணலைக் கிளறினான். "எங்களுக்கு நைனா இருந்தாரு. காலப் புடிச்சினு அழுதோம். கன்னத்தத் தொட்டோம். நீ அங்க ஒண்டியா கீற. உனுக்கு அழுவறதுக்கு இன்னா இருந்துது? ஏரியாவது இருக்கட்டும்னு சொன்னேன்."

அதற்கு மேல் என்னால் அவனிடம் சண்டை போட முடியவில்லை.

"இப்ப?" என்று கேட்டேன். "இப்ப யாராவது செத்தா?"

"போறானுங்க. ஒருத்தருக்கு வுட்டாச்சி, அப்புறம் எவன நிக்க வெப்ப? தணிகாசலத்துக்கே போனோம், இவனுக்கு இன்னானு கேக்கறானுங்க. பக்கத்து வூட்டுக்காரன் மட்டும் நிக்கறான்."

எங்கள் குப்பத்தில் ஏரி நிற்காமல் போன முதல் சாவு எங்கள் நைனாவுடையது. அதற்குப் பிறகும் சாவுச் செய்திகள் வந்தன. நான் இங்கே ஒவ்வொன்றுக்கும் அடுப்பை அணைத்துவிட்டு, தோணி இல்லாத ஏரியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அங்கே தோணிகள் போய்க்கொண்டிருந்தன.

கிளம்புகிற அன்று காத்தவராயன் மாமாவும் அத்தையும் பஸ் ஏற்ற வந்தார்கள். மாமா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ல எவன் செத்தாலும் அங்க நீ கடைய மூட்றியாமே? உங்கண்ணன் எல்லார்கிட்டயும் சொல்வான். சாவு வூட்ல அதான் பேச்சு. சீமையில ஒரு கடை நமக்காக மூடிக்கீதுன்னு கேட்டா ஒரு மாதிரி இருக்கும் தேசா."

"ஆமா மாமா."

"எனுக்கும் மூடுவியா?"

"சும்மா இரு மாமா. நீ இன்னும் எவ்ளோ நாளு இருக்கப்போற."

"அட, சொல்லுடா. இங்க எவனும் நிக்க மாட்டான். எனுக்குத் தெரியும். நானே நிக்கலியே, அவனுக்கு." சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "உன் கடையாவது ஒரு நாளு நிக்கட்டும்."

மூடறேன் மாமா என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

6

திரும்பி வந்தபோது கடையில் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. வாசல் கரும்பலகையில் மீராவின் கையெழுத்தில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. ஆங்கில எழுத்தில் 'நைனா நண்டு' என்று எழுதியிருந்தாள். நைனா எனக்குப் போனில் சொல்லி, நான் விஜயாவுக்குச் சொல்லி, அவள் வீட்டில் எப்போதாவது செய்கிற வறுவல். நண்டை உடைத்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கொட்ட வேண்டும். கடையில் அதை நான் செய்ததே இல்லை. இவர்களுக்குக் காரம் தாங்காது என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

"நைனான்னா என்னன்னு கேக்கறாங்கப்பா," என்றாள். "என் தாத்தா பேருன்னு சொல்றேன்." அவர் பெயர் தணிகாசலம் என்று நான் திருத்தவில்லை.

கோடை முடிகிற வாரம் இந்த ஊரில் படகுப் போட்டி நடக்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊரே கரையில் நிற்கும். அதிசயமாக வெயிலும் அடித்தது. மீரா விடியலிலிருந்து நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வாசலுக்கு வெளியே தெருமுனை வரைக்கும் ஆட்கள். பூக்காரம்மா தன் கடையை விட்டுவிட்டு எங்களுக்குத் தட்டு எடுத்து வைத்தார். மீராவோடு டப்ளினில் படிக்கும் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அவள் என்னைக் காட்டி, என் அப்பா என்று சொன்னாள். அப்படி ஒரு முகத்தோடு அவள் அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மதியம் அண்ணன் போன் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே எடுத்தேன்.

"காத்தவராயன் மாமா பூட்டாருடா. தூக்கத்துலயே."

கை தானாக அடுப்பின் திருகுக்குப் போனது. எத்தனை வருஷப் பழக்கம். திருகைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தேன். நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. ஒரு தட்டைத் துடைத்து, எலுமிச்சைத் துண்டை ஓரத்தில் வைத்து, தலையைச் சாய்த்துத் தள்ளிநின்று பார்த்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த முகத்தை அவள் சிறுவயதிலிருந்து பார்க்கிறாள். கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். மூடிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு அடி விலகிக்கூட நின்றாள்.

அவள் மறித்திருந்தால் ஒருவேளை அடுப்பை அணைத்திருப்பேன்.

திருகிலிருந்து கையை எடுத்தேன். நண்டைப் போடு என்று ஜாடை காட்டினேன். அவள் நம்பாமல் நின்றாள். போடும்மா என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"தேசா, கேக்குதா?" அண்ணன் குரல் கம்மியிருந்தது. "அத்த எம்பக்கத்துலதான் கீது. காலையிலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுனு கீது. தேசப்பன் கடைய மூடிட்டானானு."

"மூடிட்டேண்ணா," என்றேன்.

அந்த நேரம் பார்த்து மீரா நண்டை எண்ணெயில் கொட்டினாள். சமையலறை முழுக்க ஓவென்று பொரிந்தது.

"இன்னாடா சத்தம்?"

"மழைண்ணா. இங்க நல்ல மழை."

அந்தப் பக்கம் பறைச் சத்தம் கேட்டது. பறைக்குப் பின்னால் தூரத்தில் கடகடவென்று வேறொரு சத்தமும் கேட்டது. அது என்ன என்று நான் கேட்கவில்லை.

"பெய்யட்டும்டா," என்றான் கடைசியில். "நல்லா பெய்யட்டும். நான் அத்தகிட்ட சொல்லிட்றேன்."